எதிர்க்கட்சிக்கு ஒரு நாற்காலி

காப்பி எனக்கு ஒத்துக்கொள்ளாது. பார்லித் தேநீர் இருந்தால் கொடுங்கள், என் வாக்குமூலம் கொஞ்சம் நீளம்.

ஜனாதிபதி மாளிகையில் நியமனப் பிரிவு என்னுடையது. எதிர்க்கட்சிக்காரரை அமைச்சராக்கினால் பத்திரிகைகள் பெருந்தன்மை என்று எழுதும். பெருந்தன்மைக்காக யாரும் நாற்காலி கொடுத்ததை நான் பார்த்ததில்லை. நாடாளுமன்றத்தில் எங்களுக்குப் பெரும்பான்மை கிடையாது. அவர்களில் ஒருவரைப் பிடுங்கினால் துரோகி, துரோகி என்று அங்கே அடித்துக்கொள்வார்கள். அது ஒரு லாபம். இன்னொன்று தல்மே ஏரி.

அதன் கரை எழுபது வருடப் பழசு. கரை கசிகிறது, மழைக்கு முன் பாதித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று ஏப்ரலில் ஓர் ஆய்வறிக்கை வந்தது. திறந்தால் நடவுக்குத் தண்ணீர் இருக்காது. அந்த மாவட்டம் முழுக்க எங்கள் ஓட்டு. ஜூனில் உள்ளாட்சித் தேர்தல்.

தலைமைச் செயலர் குவாக் கேட்டார்: "ஒடைஞ்சா யாரும்மா தலை குனியறது?"

"அமைச்சர்தான் சார். அவர் நம்ம ஆளா இருக்கணும்னு சட்டமா?"

"பொல்லாதவ நீ. யாரை நெனச்சிருக்க?"

மாங் யூன்-சோ. பழைய ஏரிகளைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஓயாமல் கத்திய எதிர்க்கட்சி உறுப்பினர். அந்த வாயையே வேளாண் அமைச்சராக உட்கார வைத்துவிட்டால், கரை உடையும் நாளில் கத்த யார் இருப்பார்கள்?

கல்லூரியில் அவர் எனக்கு சீனியர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சாப்பாட்டுக்கு சீனியர்தான் காசு கொடுப்பது எங்கள் வழக்கம். என் அம்மா மீன் சந்தையில் கணவாய் அறுப்பவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இரண்டு வருடம் அக்கா வாங்கித் தந்த சோறும் சூப்பும்தான். "நல்லா அள்ளி வைங்க, இவ வீட்டுல கஷ்டம்" என்று மேசை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். அன்பாகத்தான் சொன்னார்.

நியமனச் செய்தியை நானே நேரில் போய்ச் சொன்னேன்.

"என்னடி, பொறி வைக்கிறீங்களா?"

"உங்களுக்கு நான் வைப்பேனாக்கா?"

கட்சி அவரை நீக்கியது. "போகட்டும் விடு. ஏரிக்கரையெல்லாம் சரி பண்ணிடலாம்ல" என்றார்.

புது அமைச்சருக்கான விளக்கக் கோப்பு எங்கள் வழியாகத்தான் போகும். அதிலிருந்து தல்மே அறிக்கையை உருவினேன். அமைச்சகத்து இயக்குநர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "அந்தத் தாளைக் காணோமே மேடம்?"

"மாளிகைல பாத்துக்கறோம்."

"சரிங்க மேடம்."

அவ்வளவுதான். மாளிகை எடுத்த தாள் என்றால் அமைச்சரிடம் மேலிடமே பேசியாகிவிட்டது என்று எங்கள் அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். அதன்பிறகு அவரிடம் அந்தப் பேச்சை எடுப்பது மரியாதைக் குறைவு. தல்மே எப்படி இருக்கிறது என்று அக்கா கூட்டத்திலேயே கேட்டிருக்கிறார். "மேலிடத்துக் கவனத்துல இருக்குங்க" என்று குனிந்து சொன்னார்கள். அவரும் நம்பிவிட்டார்.

ஜூலை ஒன்பதாம் தேதி காலையில் கரை உடைந்தது. பதினோரு பேர்.

அஞ்சலி மண்டபத்தில் வெள்ளைச் சாமந்திகளுக்கு முன்னால் அக்கா இடுப்பு ஒடியக் குனிந்து நின்றார். மகனைப் பறிகொடுத்த ஒருத்தி கேட்டாள்: "எங்களுக்காகக் கத்துனியே, நாற்காலி கெடச்சதும் வாய மூடிக்கிட்டியா?" அக்கா நிமிரவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாதுக்கா."

அன்று மாலையே ராஜினாமா. இப்போது கடமை தவறியதாக வழக்கு. எதிர்க்கட்சி கத்தவில்லை, நான் கணித்தபடியே. அந்த இயக்குநர் எங்கள் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்திருப்பதை மட்டும் நான் கணிக்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் ஜெயித்த மறுநாள் குவாக் என்னைக் கூப்பிட்டார். "வேலை முடிஞ்சுதுல்ல, அந்தத் தாளை அவங்ககிட்ட குடுத்துரு. தண்ணிய எறக்கட்டும்." மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"குடுத்துட்டேன் சார்" என்றேன். தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஜூலை ஒன்பது வரை அங்கேயே இருந்தது.

இது முழுக்க அரசியல். அக்காமேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை என்று மட்டும் தனி வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.