தழும்பு விழக்கூடாதாம்

அரிப்புன்னு சொறியிற பிள்ளை இல்லைங்க சிஸ்டர் என் பொண்ணு. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கு, இன்னொரு தடவை சீழ் வச்சா முழங்கை வரைக்கும் எடுத்துடணும்னு. ஏன் ஒவ்வொரு தடவையும் பொருக்கு பிஞ்சே வருதுன்னு கேட்டீங்களே, அதைச் சொல்லத்தான் வந்தேன். அவ வெளியில அம்மாகூட இருக்கட்டும். கதவைக் கொஞ்சம் சாத்திக்கவா?

நான் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல நைட் டூட்டிங்க. தொட்டி கழுவுறது, தண்ணி மாத்துறது, சூடு ஏறாமப் பாத்துக்கிறது. தொட்டியில இருக்கிறது சாலமாண்டர். பாக்கப் பல்லி மாதிரி, ஆனா தவளைக்குத்தான் பங்காளி. கால் போனா எலும்பு, நரம்பு, விரலோட அப்படியே திரும்ப முளைச்சுக்கும். இல்லைங்க, பல்லி வாலெல்லாம் இதுக்கு முன்னாடி சும்மா. அதுல எலும்பே வராது.

நமக்குக் காயம் பட்டா உடம்பு அவசர அவசரமா தழும்பை வச்சு அடைச்சிடுது, விரிசல்ல சிமெண்ட் அப்புற மாதிரி. அதுக்கு அப்படி இல்லை. மெல்லிசா ஒரு தோல் மட்டும் வந்து மூடும். அறுபட்ட நரம்பு நுனியிலேர்ந்து ஒரு புரதம் கசிஞ்சு தோலை எழுப்பிவிடும், தோல் தன் பங்குக்கு அடியில இருக்கிற செல்லுங்களை எழுப்பிவிடும். அதுங்க இதுவரைக்கும் என்ன வேலை பாத்தோம்கிறதையே மறந்துட்டு, முட்டைக்குள்ள இருந்த காலத்துக்குப் போயிடும். எல்லாம் கூடி ஒரு மொட்டு. எதுவரைக்கும் போச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்னா, வைட்டமின் ஏ-லேர்ந்து வர்ற ஒரு அமிலம். தோள்பக்கம் ஜாஸ்தி, விரல்பக்கம் கம்மி. அதைக் கூடுதலாக் குடுத்துப் பாத்தாங்களாம், மணிக்கட்டுல வெட்டின இடத்துலேர்ந்து முழுக் கையே முளைச்சு நின்னுச்சாம்.

சிரிக்காதீங்க, நான் படிச்சவனெல்லாம் இல்லை. சுவத்துல ஒட்டியிருக்கிற படத்தைப் பாத்து, அங்க இருக்கிறவங்களை நச்சரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. பாதி தப்பாக்கூட இருக்கும்.

வேன் கவுந்து பாப்பாவுக்கு மணிக்கட்டோட கை போச்சுல்ல, அப்புறம் நான் டூட்டிக்குக் கிளம்பினா சட்டையை விடமாட்டா. ஏதாவது சொல்லித்தானே விலக்கணும். எனக்குத் தெரிஞ்ச கதை இது ஒண்ணுதான். கேரட்டைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறவ, இப்ப தட்டு தட்டாத் திங்கிறா. சீக்கிரம் வீடே கேரட் கலர்ல ஆயிடும்னு அவங்கம்மா கிண்டல் பண்ணுவா. நானும் கூடச் சேந்து சிரிப்பேன், வேற என்ன பண்றது?

பொருக்கா, ஆமா, அதுக்குத்தான் வர்றேன். தழும்பு மூடிட்டா மொட்டு வராதுன்னு அவளே முடிவு பண்ணிட்டா. போர்வைக்குள்ள வச்சு, கட்டுக்கு அடியில நகத்தை விட்டு எடுத்துடுறா. வலிக்கலையாம்மான்னா, வலிச்சாத்தானேப்பா நரம்பு முழிச்சிருக்குன்னு அர்த்தம்ங்கிறா. என்கிட்டயே. அந்த நல்ல கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் சிஸ்டர், அவ்வளவுதான்.

சரி, கூப்பிடுங்க, உங்களுக்கும் நேரமாகுது. ஒண்ணே ஒண்ணு. கட்டு பிரிக்கிறப்ப நீங்களே பேச்சோட பேச்சா சொல்லிடுங்களேன், மனுஷங்களுக்கு அப்படி வளராதுன்னு. நாங்க இன்னும் சொல்லலை.