பூட்டிய ஆலையைப் பொதுக்கூடமாக்கிய பொறியாளர் அம்மையாருக்கு

துருவேறிய தூண்களையும் துவண்டு கிடந்த எங்களையும் ஒருசேரத் தூக்கி நிறுத்திய தூயவரே! கோணல் சுவரைக் கண்டால் கொதிப்பவரே, நேரான சுவரையும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல் நம்பாதவரே! நகராட்சிப் பொறியியல் பிரிவின் பெருமையே, பெருமதிப்பிற்குரிய அம்மையீர்! தாங்கள் பணிநிறைவு பெறும் இந்நாளில், தங்கள் முயற்சியால் உயிர்பெற்ற இத்தறிக்கூடத்திலேயே கூடி நின்று, கனத்த நெஞ்சோடு இம்மடலைத் தங்கள் முன் படிக்கின்றோம்.

அடுக்குமொழியில் அழகாக எழுதித் தா என்று வரைபடப் பிரிவில் கோடு போடும் என் தலையில் இவ்வேலையைக் கட்டிவிட்டார்கள். எழுதியதைத் தங்களிடம் காட்டியிருந்தால் "மறுபடி" என்று ஒரே சொல்லில் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். அதனால்தான் காட்டவில்லை. ஒப்பந்தக்காரர் தங்களுக்குச் சூட்டிய 'மறுபடி மேடம்' என்னும் பட்டப்பெயர் தங்கள் காதுக்கு எட்டவில்லை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தோம். சென்ற வாரம் தாங்களே தொலைபேசியில் "மறுபடி மேடம் பேசுறேன்" என்றதும் அவர் கையிலிருந்த தேநீர் சட்டையில் கொட்டியதாகக் கேள்வி.

இவ்வாலையின் பூட்டைத் திறந்த முதல் நாளில் எங்களை வரவேற்றவை புறாக்களின் எச்சமும், சுவரைப் பிளந்து வளர்ந்த மரமும், உடைந்த கூரைக் கண்ணாடி வழியே ஒழுகி நின்ற மழைநீரும்தாம். இடித்துத் தள்ளிவிட்டால் வேலை மிச்சம் என்று மேலிடம் சொல்லிற்று. எங்களில் பலரும் தலையாட்டினோம். தாங்கள் மட்டும் ஒற்றைக்காலில் நின்றீர்கள். இன்று பஞ்சுக் கிடங்கு படிப்பகமாயிற்று. கொதிகலன் அறையில் தையல் வகுப்பு நடக்கிறது. கூலிக்காக வரிசையில் நின்ற தாழ்வாரத்தில் இப்போது மருத்துவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் உட்கார நாற்காலி போடச் சொன்னவரும் தாங்களே.

இக்கூடத்தில் தறி ஓட்டியவர் தங்கள் அன்னையார் என்பதை எங்களிடம் தாங்கள் வெகுநாள் சொல்லவில்லை. ஒரு முறை ஆட்கள் போய் அடுத்த முறை ஆட்கள் வரும்போதும் இங்கே தறி நிற்பதில்லையாம். அடுத்தவள் வந்து தறியின் சட்டத்தில் கைவைத்த பிறகே முன்னவள் தன் கையை எடுப்பாளாம். ஆலையை மூடிய அன்று மாலை முறைக்கு வந்தவர்களை வாயிலிலேயே தடுத்துவிட்டார்கள். உள்ளே தங்கள் அன்னையார் சட்டத்தில் கைவைத்தபடி காத்திருந்தார். மின்சாரம் நின்றது, தறி நின்றது, ஆள் வரவில்லை. "யார் கையிலயும் ஒப்படைக்காம வந்துட்டேனே" என்று முதுமையிலும் அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாராம். அவரை ஒருநாள் இக்கூடத்துக்குள் அழைத்து வந்து அமர்த்த வேண்டும் என்பதுதான் தங்கள் ஆசை. அதற்காகவே அவர் நின்ற மூலையில் ஒரு தறியை மட்டும் அப்படியே நிறுத்தி வைத்தீர்கள்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, அழைப்பிதழும் அச்சாயிற்று. அப்போதுதான், வண்ணம் பூசி முடித்த ஒரு தூணின் அடியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இரும்பு அரித்திருப்பதாகச் சொன்னீர்கள். தூணைச் சோதிக்காமலே அந்த வண்ணத்தைப் பூச விட்டவர்கள் நாங்கள். விழா தள்ளிப்போனது. மேலிடத்து ஏச்சைத் தாங்களே வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். அந்நாட்களில் தங்கள் அன்னையார் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். வேலை முடியும்வரை தாங்க மாட்டார் என்று தெரிந்து, அவரை மட்டும் ஒரு மணிநேரம் அழைத்து வந்து காட்டிவிடலாமே என்று எங்கள் மேற்பார்வையாளர் தங்களிடம் மன்றாடினார். தாங்கள் சொன்ன பதிலைக் கேட்ட யாரும் அன்று சாப்பிடவில்லை.

"கூரை சரியில்லைன்னு ஊரையே வெளிய நிறுத்தி வெச்சிருக்கேன். எங்க அம்மாவை மட்டும் எப்படி உள்ள விடுவேன்?"

தூண் மாற்றியாகிக் கூரை உறுதியானபோது அன்னையார் இல்லை. அடக்கம் முடிந்த மறுவாரமே தாங்கள் வந்து, புதிய தூணைத் தட்டிப் பார்த்து, கையொப்பமிட்டீர்கள். எங்களில் யாரையும் ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அந்தக் கையொப்பத்தின் விலை எங்களுக்குத் தெரியும், அம்மையீர். இன்று இக்கூரையின் கீழ் எந்தப் பிள்ளை ஓடி விளையாடினாலும் எங்கள் கண் ஒருமுறை அந்த மூலைக்குப் போய் வருகிறது.

தங்கள் இடத்துக்கு இன்னும் யாரும் நியமிக்கப்படவில்லை. "எனக்கப்புறம் இதை யார் பார்ப்பாங்க?" என்று நேற்றும் கேட்டீர்கள். அதற்கு விடையை இம்மடலின் முடிவில் எழுத்திலேயே தருகிறோம்.

நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் வாழ்க! காலை எழுந்ததும் எந்தச் சுவரையும் பற்றிக் கவலைப்படாமல், ஆறிப்போகாத தேநீரை அமர்ந்து பருகும் அரிய வாழ்வு தங்களுக்கு அமைக! பேரப்பிள்ளைகள் கட்டும் மணல்வீட்டையாவது "மறுபடி" என்று சொல்லாதிருப்பீராக!

இம்மடல் முடிந்ததும் நாங்கள் கைதட்டப் போவதில்லை. தாங்கள் அந்த மூலைக்கு வந்து தறியின் சட்டத்தில் கைவைக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கைக்குப் பக்கத்தில் எங்கள் கையை வைப்போம். தங்கள் அன்னைக்கு அன்று வராத ஆள் இன்று தங்களுக்கு வந்துவிட்டது, அம்மா. இனி நீங்கள் கையை எடுக்கலாம்.

பிரிய மனமின்றி,
பொறியியல் பிரிவுப் பணியாளர்கள்