மூன்று வருட வாரண்டி

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நண்பர்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. அதன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டதாம், வேறு வாங்கி மாட்டப் போகிறார்களாம். எனக்கென்ன வந்தது என்று கண்ணை மூடியிருந்தேன். அப்போதுதான் அவர் சொன்னார்:

"செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கே போதும் மச்சான். ஆறு மாசம் ஓடினா சரி."

பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "அது எப்ப புட்டுக்கும்னு யாருக்குத் தெரியும்? பில்லும் தர மாட்டான். புதுசு வாங்கு, மூணு வருஷம் வாரண்டி கீது."

"மூணு வருஷம் யாருக்குடா?"

பஸ் பருத்திப்பட்டு தாண்டியது. பிறகு நண்பர் மெதுவாகக் கேட்டார்.

"உன் தம்பிய பத்தி டாக்டர் இன்னா சொன்னாரு?"

"ஊட்டுக்கு இட்டுனு போங்க, புடிச்சத குடுங்கன்னுட்டாரு. அவனுக்குப் புடிச்சது இந்தப் பொட்டி ஒண்ணுதான்."

"அப்ப எந்த டிஸ்க் வேணும்னு அவனையே கேளேன்."

"கேட்டேன். புதுசுதான் வேணும்னான்."

"பாத்தியா! அவன் நம்பிக்கையாத்தான் கீறான். நீதான் இப்பவே ஒடிஞ்சு போய்க் கீற."

ஜன்னலோரம் இருந்தவர் பெட்டியின் மேலிருந்த தூசியைக் கையாலேயே துடைத்தார்.

"இல்லடா. பில்லுல உன் பேரையே போட்டுக்கோ அண்ணா, அப்புறம் ரிப்பேர்னா நீதானே எடுத்துனு போவணும்னான்."