கொம்புக்கு வண்ணம் பூசியது யார்?

தலைமை ஏற்றிருக்கும் பால்காரர் சங்கத் தலைவர் அழகப்பன் ஐயா அவர்களே, இந்த ஊர் கண் விழிக்கும் முன்பே எழுந்து அதற்குப் பால் ஊற்றிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பொங்கிய பானையை இறக்கி வைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, சிராங்கூன் சாலையின் இரைச்சலை முதுகில் வாங்கிக்கொண்டு சன்னலோரம் நிற்கும் தோழர்களே, யாருக்காக இந்த மண்டபம் இன்று நிறைந்திருக்கிறதோ அந்தத் தீவனக் கடை நூருல் அமீன் மாமா அவர்களே, உங்கள் எல்லோருக்கும் ரத்தினம்மாவின் மகள் கண்மணியின் பொங்கல் வணக்கம்.

எனக்கு நீளமாகப் பேச வராது. புக்கித் தீமா பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தும் வரவில்லை. "வீட்டுல மட்டும் வருது" என்று தாய்மார்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அது என் அம்மாவின் குரல். சபையோர் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

நன்றி சொல்ல வந்தேன். யாருக்கு நன்றி? எங்களுக்கு எதிராக வழக்காடியவருக்கு. ஆம், தவறாகச் சொல்லவில்லை. எதிராக வழக்காடியவருக்கு.

பரமசிவம் மாமாவை உங்களுக்குத் தெரியும். அதோ, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் முன்னால் வாருங்கள் மாமா. இன்று மறைந்து உட்காரும் நாள் இல்லை.

பொத்தோங் பாசிரில் அவருடைய மாட்டுக்கொட்டகை. உரிமம் அவர் பெயரில். ஆனால் அங்கே நின்ற மாடுகளில் பாதி அவருடையவை அல்ல. பஃபலோ ரோட்டிலும் டன்லப் தெருவிலும் மாடி அறைகளில் குடியிருக்கும் பெண்கள் மாட்டை எங்கே கட்டுவார்கள்? கட்டிலுக்கடியிலா? சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு மாடு வாங்குவார்கள். கொட்டகையில் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு விடுவார்கள். தீனி அவர் பொறுப்பு, கறப்பது அவர் பொறுப்பு, பாலிலும் கன்றிலும் இருவருக்கும் பங்கு. எழுத்து கிடையாது. சாட்சி கிடையாது. வெற்றிலை மாற்றிக்கொண்டால் முடிந்தது. என் அம்மாவின் கறுப்பு மாடும் அப்படித்தான் அங்கே நின்றது.

அப்போது டின் பால் வந்தது. காப்பிக் கடைகள் ஒவ்வொன்றாக டின்னுக்கு மாறின. மாடு டின்னோடு போட்டி போட முடியுமா? பரமசிவம் மாமா கடனில் விழுந்தார். தவிடும் புண்ணாக்கும் கடனாகக் கொடுத்த நூருல் அமீன் மாமா பொறுத்தார், மறுபடியும் பொறுத்தார், கடைசியில் வழக்குப் போட்டார். அதில் குற்றம் என்ன? அவருக்கும் கடை உண்டு, பிள்ளைகள் உண்டு. பரமசிவம் மாமா திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்தது.

திவால் சட்டத்தின் ஒரு விதியை இங்கே நான் சொல்லியாக வேண்டும். ஒருவர் திவாலானால் அவருடைய சொத்தெல்லாம் ஓர் அரசு அதிகாரியின் பொறுப்புக்குப் போகும். விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அவருடைய சொத்து மட்டுமல்ல. அடுத்தவர் பொருளும் போகலாம். எப்போது? தொழிலில் அது அவர் கையில் இருக்கும்படி உண்மையான சொந்தக்காரர் விட்டுவைத்து, பார்ப்பவர்களெல்லாம் அது அவருடையதுதான் என்று நம்பும்படி இருந்தால். அந்த நம்பிக்கையில்தானே கடன் கொடுத்திருப்பார்கள்? கடுமையான விதி. ஆனால் அநியாயமான விதி என்று சொல்ல மாட்டேன்.

அதிகாரி கொட்டகைக்கு வந்தார். மாடுகளை எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து என் அம்மா அங்கே நின்றார்.

"இந்தக் கறுப்பு மாடு யாருடையது?"

என் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாம் பரமசிவம் அண்ணனோடதுதாங்க."

சிரிக்கிறீர்கள். சிரிக்கிற தாய்மார்களைக் கேட்கிறேன். கறவை மாட்டைக் காட்டி, முன்பின் தெரியாத ஆளிடம், என்னுடையது என்று உங்களில் யார் சொல்வீர்கள்? கண் பட்டுவிடாதா? பால் வற்றிவிடாதா? குழந்தையைக் கொஞ்சும்போது கருவாயன் என்று சொல்லும் கூட்டம் அல்லவா நாம்? அம்மா மாட்டைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். சொன்ன சொல்லே மாட்டைக் கட்டிப் போட்டது. அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் வேலை அது.

அந்த மாட்டுப் பால்தான் எங்கள் வீட்டு வாடகை. அந்த ஆண்டுதான் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. மாடு போனால் நானும் போவேன், ஏதாவது ஒரு கடையில் துணி மடிக்க. அம்மா இதை வாயால் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்குக் கட்டிப் போக என் சேலைகளை மட்டும் எண்ணெய் படாத அலமாரிக்கு மாற்றி வைத்தார். என்ன ஆனாலும் நான் படிக்கப் போவேன் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

வழக்கறிஞர் ஆம்ப்ரோஸ் எங்களுக்காக வந்தார். பெண்கள் எல்லோருடைய மாடுகளும் அம்மாவின் மாட்டோடு சேர்ந்து நிற்கும் அல்லது சேர்ந்து போகும் என்ற நிலை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

"அம்மா, கோர்ட்டுல ஒரே ஒரு வார்த்தை. மாடு என்னோடதுன்னு சொல்லுங்க. போதும்."

"அதெப்படி தம்பி வாய்விட்டுச் சொல்றது? இப்பத்தான் கன்னு போட்டிருக்கு."

"சொல்லலேன்னா மாடே போயிடும் அம்மா."

"சொன்னா பால் போயிடும். பால் போன மாட்ட வச்சு நான் என்னா பண்ண, படம் எடுத்து மாட்டவா?"

நீதிமன்றம். உயரமான கூரை. மின்விசிறிகளின் முனகல். மொழிபெயர்ப்பாளர் கேட்டார், மாடு யாருடையது என்று. அம்மா தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதுக்குத் தெரியும்."

நீதிபதி சிரிக்கவில்லை. அதற்காக அவருக்கு முதல் நன்றி.

பரமசிவம் மாமா கூண்டில் ஏறி, அவை என் மாடுகள் அல்ல என்றார். உண்மை. ஆனால் திவாலானவர் தெரிந்தவர்களுக்குச் சாதகமாகப் பேசலாம் அல்லவா? அந்தச் சொல்லை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றார் நீதிபதி. அதுவும் சரிதான். சந்தேகம் அங்கே அவமதிப்பு அல்ல. ஒவ்வொருவர் சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள், தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவது போல.

பிறகு அதிகாரி தரப்பின் சாட்சியாக நூருல் அமீன் மாமா வந்தார்.

இந்த இடத்தை நீங்கள் சரியாகப் பார்க்க வேண்டும். எல்லா மாடுகளும் பரமசிவத்தினுடையவை என்று முடிவானால் நூருல் அமீன் மாமாவுக்குக் கடன் திரும்பும். இல்லையென்றால் பெரும்பகுதி போச்சு. வழக்கு முழுவதும் அவர் மனத்தில் இருந்த ஒரு நினைப்பில் தொங்கியது. நீதிபதி நேராகக் கேட்டார்: "நீங்கள் தீவனம் கடனாகக் கொடுத்தபோது, அங்கே நின்ற மாடுகள் எல்லாம் இவருடையவை என்று நம்பினீர்களா?"

ஆமாம் என்று ஒரு சொல். யார் அவர் மனத்துக்குள் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? எந்தச் சாட்சி, எந்தச் சட்டம், எந்த விளக்கு அங்கே நுழையும்?

மாமா தொப்பியைச் சரி செய்துகொண்டார். "இல்லீங்க" என்றார்.

"ஏன்?"

"மாட்டுப் பொங்கலுக்கு வருஷா வருஷம் நான் பருத்திக்கொட்டை இனாமா கொண்டு போவேன். பரமசிவம் தன் மாட்டுக்குத்தான் கொம்புல வண்ணம் பூசுவாரு. மத்த மாட்டுக் கொம்பத் தொட மாட்டாரு. அதது சொந்தக்காரம்மா டவுன்லேர்ந்து வந்து பூசணும். அதான் பழக்கம். எந்தம்மா பூசுறாங்களோ அந்தம்மா மடியிலதான் பருத்திக்கொட்டையப் போடுவேன். கறுப்பு மாட்டுக்கு அந்தா நிக்குதே, அந்தத் தங்கச்சி."

"இது உங்களுக்கு மட்டும் தெரிந்த பழக்கமா?"

"பொத்தோங் பாசிர் பக்கம் தீவனம் விக்கிற யாரை வேணும்னாலும் கேளுங்க. சீனர் தவிட்டுக்கடையிலயும் தெரியும். கொம்பப் பார்த்தா போதும்லா."

"இந்த அம்மா அதிகாரியிடம் வேறு மாதிரி சொன்னாரே?"

"கறக்குற மாட்ட எந்தப் பொம்பள தன்னோடதுன்னு சொல்லும்? எங்க வீட்டுக்காரி பதுருன்னிசா கோழி முட்டையக்கூட எண்ண விட மாட்டா."

அப்போதுதான் நீதிபதி சிரித்தார்.

தீர்ப்பைச் சொல்கிறேன், என் சொற்களில். மாடு யார் கொட்டகையில் நின்றது என்பது மட்டும் கேள்வி அல்ல. அந்தத் தொழிலில் கொடுக்கல் வாங்கல் செய்யும் சாதாரண மனிதர் அதைப் பார்த்து என்ன நினைப்பார் என்பதே கேள்வி. எல்லோரும் அறிந்த பழக்கம் ஒன்று இருக்கும்போது, கொட்டகையைப் பார்த்து ஏமாந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. கண் பட்டுவிடும் என்ற பயத்தில் சொன்ன சொல், சொத்தை எழுதிக் கொடுத்த சொல் ஆகாது. மாடுகள் அந்தந்தப் பெண்களுக்கே.

எங்கள் பெண்கள் முகத்துக்கு மஞ்சள் தேய்ப்பது போல அவ்வளவு சாதாரணமாகச் செய்து வந்த ஒரு காரியம், நீல வண்ணமும் சிவப்பு வண்ணமும், அந்த உயர்ந்த கூரைக்குக் கீழே சட்டத்தின் எடையோடு நின்றது. நான் பல்கலைக்கழகத்தில் பிறகு பல நூல்கள் படித்தேன். அதைவிட நல்ல வாக்கியம் கிடைக்கவில்லை. இல்லீங்க.

வெளியே வந்ததும் வழக்கறிஞர் ஆம்ப்ரோஸ், நூருல் அமீன் மாமாவிடம் கேட்டார்: "உங்க பணம் போச்சே பாய்?"

"போச்சுதான்" என்றார் மாமா. "வயிறு எரியுது. அதுக்குன்னு பொய்யா சொல்ல?"

வயிறு எரிந்தது என்று அவர் ஒளிக்கவில்லை. அதனால்தான் இன்று அவர் கழுத்தில் விழுந்த மாலை இவ்வளவு பெரிய மாலையாக இருக்கிறது.

பரமசிவம் மாமா இன்று திவாலிலிருந்து விடுபட்டவர். மறுபடி கொட்டகை வைத்திருக்கிறார். தீவனம் யாரிடம் வாங்குகிறார்? அதோ, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ரொக்கத்துக்குத்தான் கொடுப்பாராம் நூருல் அமீன் மாமா. அதுவும் நியாயம்.

முடிக்கிறேன். இங்கே கிளம்பும்போது அம்மா என்னை வாசலில் நிறுத்தினார். "நூருல் அமீன் அண்ணன் நமக்காக எல்லார் முன்னாடியும் சொன்னாரு. நான்தான் சொல்லவே இல்ல. நீ மேடையில சொல்லிடு" என்றார். "கண் பட்டுடுமே" என்றேன். "பட்டா படட்டும். அவருக்குக் கொடுக்க என்கிட்ட வேற என்னா இருக்கு?"

ஆகவே சொல்கிறேன். தலைவர் கேட்க, தாய்மார்கள் கேட்க, சன்னலோரத் தோழர்கள் கேட்க.

பொத்தோங் பாசிரில் நிற்கும் அந்தக் கறுப்பு மாடு எங்கள் மாடு. நன்றாகக் கறக்கிறது. அது என் அம்மா ரத்தினம்மாவுடையது.

நாளை மாட்டுப் பொங்கல். மாமா, பருத்திக்கொட்டையோடு வந்துவிடுங்கள். ஒரு கொம்புக்கு நீங்கள் வண்ணம் பூச வேண்டும் என்று அம்மா தூரிகையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

செவி கொடுத்த சபைக்கும், எதிர்த்தரப்பில் நின்று எங்களைக் காத்தவருக்கும் என் நன்றி. வணக்கம்.