ஹோம் எடிஷன்

மலையாண்டி: கிட்ட வந்து பாருங்கம்மா. கம்ப்யூட்டர் மூடியைக் கழட்டி வச்சுட்டேன். எதையும் மறைக்கல.

உம்மு ஹபீபா: எனக்கு எங்க தம்பி தெரியுது, ரெண்டு கண்ணுலயும் புரை. நீ வாயால சொல்லு. எம் மகன் துபாய்ல இருந்து அனுப்புன ரெண்டுல ஒண்ணு எங்க?

மலையாண்டி: ரெண்டும் இங்கனதான் இருக்கு.

உம்மு ஹபீபா: இருந்தா கம்ப்யூட்டர் ஏன் ஒண்ணுன்னு காட்டுது?

மலிகா: மாமி, அண்ணனைப் பேச விடுங்க...

உம்மு ஹபீபா: நீ சும்மா இரு. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுற மிஷின், ரெண்டு மூளை வச்சதுன்னு அவன் போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னான். இந்தத் தம்பி வந்து விண்டோஸ் போட்டுட்டுப் போச்சு. மறுநாள்ல இருந்து ஒரு மூளை.

மலையாண்டி: அதுக்குப் பேரு பிராசசர்ம்மா.

உம்மு ஹபீபா: பேரு தெரிஞ்சவன்தான எடுக்க முடியும்.

மலையாண்டி: ...எடுத்தவன் எதுக்கும்மா அபிராமத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வாறான்? இந்தக் கீழக்கரைல மாசத்துக்கு ஏழெட்டு வீட்டுக்குப் போவேன். இப்ப ஒருத்தரும் கூப்பிடுறதில்ல. பஜார் ஸ்டுடியோக்காரரு, நான் திறந்து வச்ச மிஷினைத் திறந்தபடியே தூக்கிட்டுப் போயிட்டாரு.

மலிகா: திறந்தபடியேவா?

மலையாண்டி: ஸ்க்ரூவை மட்டும் எண்ணி வாங்கிக்கிட்டாரு.

உம்மு ஹபீபா: சரி, ரெண்டும் இருக்குன்னா ஏன் காட்டல? அதைச் சொல்லு.

மலையாண்டி: அதுல என் தப்பு ஒண்ணு இருக்கு. ஒத்துக்கிறேன். நான் போட்டது விண்டோஸ் எக்ஸ்பில ஹோம்னு ஒரு வகை. அன்னைக்குக் கையில அந்த சிடிதான் இருந்துச்சு.

உம்மு ஹபீபா: ஹோம்னா?

மலிகா: வீடு, மாமி.

உம்மு ஹபீபா: வீட்டுக்கு அதைத்தான போடணும்?

மலையாண்டி: நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா ஹோமுக்கு ஒரு பிராசசர்தான் அளவு. ரெண்டாவது பக்கத்துலயே இருந்தாலும் அதைக் கூப்பிடாது. புரொஃபஷனல்ங்கிற வகையைப் போட்டாத்தான் ரெண்டுக்கும் வேலை குடுக்கும்.

உம்மு ஹபீபா: அது வரைக்கும் அந்த ரெண்டாவது என்ன செய்யும்?

மலையாண்டி: சும்மா உக்காந்திருக்கும்.

உம்மு ஹபீபா: நம்புற மாதிரி இல்லையே... மலிகா, நீ குனிஞ்சு பாரு. அங்கன எத்தனை இருக்கு?

மலையாண்டி: பாருங்க தங்கச்சி. இந்தா, இந்தச் சின்ன ஃபேனுக்கு அடியில ஒண்ணு. இந்த ஃபேனுக்கு அடியில ஒண்ணு.

உம்மு ஹபீபா: சொல்லு புள்ள.

மலிகா: ...ஒண்ணுதான் மாமி.

மலையாண்டி: தங்கச்சி!

உம்மு ஹபீபா: கேட்டுக்கிட்டியா தம்பி? அல்லாஹ் பாத்துக்கிருவான். லுஹருக்கு பாங்கு சொல்லிட்டாங்க, நான் உள்ள போய் தொழுதுட்டு வாறேன். வாசக்கதவு திறந்தே கிடக்கட்டும்.

மலையாண்டி: கண்ணால பாத்துட்டு எப்படிம்மா...

மலிகா: மெதுவா பேசுங்கண்ணே.

மலையாண்டி: எதுக்கு மெதுவா? தெருவுக்கே கேக்கணும்னுதான் வந்தேன். எம் பொண்டாட்டி செவ்வந்தி, பதினோரு வருசம் கூட இருந்தவ, சோத்தைப் போட்டுக்கிட்டே கேக்குறா, நெசமா நீங்க எடுக்கலையான்னு.

மலிகா: நீங்க எடுக்கலைன்னு எனக்கு மொத நாளே தெரியும்.

மலையாண்டி: ...என்னது?

மலிகா: சுவிட்ச் போட்டதும் கருப்புத் திரையில எழுத்து ஓடுதுல்ல, அதுல ரெண்டுன்னு வருது. தினமும் வருது. விண்டோஸ் வந்ததும் ஒண்ணாயிருது. இருக்கு, ஆனா எடுத்துக்கலைன்னு புரிஞ்சுக்கிட்டேன்.

மலையாண்டி: அப்புறம் ஏன் உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லல?

மலிகா: சொல்லத்தான் போன் பண்ணேன். ஒண்ணுதான் காட்டுதுன்னு ஆரம்பிச்சேன். முடிக்கிறதுக்குள்ள, நானே வந்து பாக்குறேன்னுட்டாங்க. நாலு வருசமா வராத மனுசன்ணே. மகளுக்குப் பேரு விட்டப்ப வாறேன்னாங்க. அவ பள்ளிக்கூடம் சேர்ந்தப்ப வாறேன்னாங்க. மாமா மவுத்தாகி அடக்கம் பண்ணப்ப கூட லீவு கிடைக்கல. இப்ப ஒரு பிராசசருக்கு வாறேங்குறாங்க. நான் என்ன செய்ய?

மலையாண்டி: அதுக்கு என்னைத் திருடனாக்குறதா?

மலிகா: நான் ஆக்கல. மாமிதான் அப்படி நெனச்சுக்கிட்டாங்க, மகன்கிட்டயும் அப்படியே சொல்லிட்டாங்க. நான்... இல்லைன்னு சொல்லல. அது என் பாவம்தான். ராத்திரி தூக்கமில்ல.

மலையாண்டி: எனக்கும்தான்.

மலிகா: வியாழக்கிழமை வந்து இறங்குறாங்க. ரெண்டும் இருக்குன்னு இன்னைக்குத் தெரிஞ்சா, மாமி இப்பவே போன் பண்ணி, எல்லாம் சரியாப் போச்சுப்பா, நீ வர வேண்டாம், வேலையைப் பாருன்னுருவாங்க. லீவு போட்டா மகனுக்கு வேலை போயிரும்னு மாமிக்குப் பயம். அந்தப் பயத்துலயே நாலு வருசம் ஓடிருச்சு.

மலையாண்டி: அப்ப எம் பேரு கெட்டுக் கிடக்கட்டுமா?

மலிகா: வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு, பள்ளிவாசல் முன்னாடியே எங்க வீட்டுக்காரரைச் சொல்ல வைக்கிறேன், மலையாண்டி அண்ணன் எதையும் எடுக்கலைன்னு. ஸ்டுடியோக்காரர் வீட்டுக்கு நானே போறேன். செவ்வந்தி மதினிகிட்ட நானே பேசுறேன். சத்தியமாண்ணே.

மலையாண்டி: ஆக, இன்னும் ஆறு நாளு நான் திருடன்.

மலிகா: ஆறே நாளு.

மலையாண்டி: அந்த மூடியை இங்கிட்டுத் தள்ளுங்க. மாட்டிருறேன்.

மலிகா: ...அண்ணே, திட்டிட்டுப் போயிருவீங்கன்னு நெனச்சேன். உடனே ஒத்துக்கிட்டீங்களே?

மலையாண்டி: திட்டெல்லாம் நேத்தே தீந்துபோச்சு தங்கச்சி. உங்க வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ரெண்டும் உள்ளதான் இருக்குன்னேன். 'தெரியும்ணே, வித்த ஆளு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிட்டாரு. வீட்டுல திருட்டுன்னு சொல்லித்தான் மொதலாளிகிட்ட லீவே வாங்கிருக்கேன். நான் வந்து இறங்குற வரைக்கும் மலிகாட்ட மட்டும் சொல்லிராதீங்க, வர வேண்டாம்னுருவா'ன்னாரு. முடியவே முடியாதுன்னு போனை வச்சுட்டுத்தான் இன்னைக்கு பஸ் ஏறுனேன்.