எட்டாத கைக்கு வச்ச ஹேண்டில்

அந்த சைக்கிள் ஸ்டாண்டு நிக்காது தம்பி, உடு. சாஞ்சி என் பூக்கூடை மேல உழுந்துடப் போவுது. நான் புடிச்சிக்கிறேன், நீ அந்த ஸ்டூல்ல குந்து. பூ கட்ட வேணாமாவா? கட்டினது போதும். வெள்ளிக்கெழமை, காலையிலேயே பாதி வித்துப்போச்சி.

கடைக்காரரு நெல்லித்தோப்பு போயிருக்காரு, வெல்டிங் கம்பி வாங்க. ஆங், அவருதான். போர்டுல படிச்சியா? நீ படிச்சிக்கினா சரி. கட்டிக்கினு வந்த நாள்லேருந்து அந்தப் பேரு என் வாயில வந்ததில்ல.

என்னா பண்ணணும்னு சொன்ன, திருப்பி சொல்லு? கழுத்து குட்டையா இருக்குதா. அதான், ஹேண்டில வண்டியோட சேக்குது பாரு இந்தத் துண்டு, இதுக்கு நாங்க கழுத்துன்னுவோம். நீ ஸ்டெம்முன்ற. ரெண்டும் ஒண்ணுதான். நீளமா ஒண்ணு போடணும், கோணலா இருக்கற ஹேண்டில நேராக்கணும். அவ்ளோதானே?

ஒசரமான ஆளுதான் நீ. ஓட்டும்போது முதுவு கூனிக்குது, முட்டி ஹேண்டில்ல இடிக்குது, இல்ல? அதுக்காவ நீளமான கழுத்தா பாத்து மாட்டிக்கினாலும் ஆவாது, கேளு. ரொம்ப நீளம்னா உடம்பு பாரமெல்லாம் உள்ளங்கையில வந்து குந்திக்கும், தோளு நோவும். எறக்கத்துல பிரேக்க புடிச்சா தலகுப்புறதான். ரொம்ப குட்டைன்னா முன்சக்கரம் வெடவெடன்னு ஆடும், மேட்டுல ஏறினா குதிரை மாதிரி முன்கால தூக்கும். எனக்கு எப்படித் தெரியுமா? இந்தக் கடை வாசல்ல குந்திக்கினு எத்தினி வருசமா பூ கட்டுறேன். காதுல உழாம போவுமா?

அவரு டேப்பு வச்சி அளக்கமாட்டாரு. பூக்காரி அளக்கறாப்பலதான், மொழம். முட்டிக்கைய சீட்டு மூக்குல வச்சி, கைய முன்னால நீட்டணும். நடுவெரலு ஹேண்டிலத் தொட்டா அது உன் வண்டி. தொடலைன்னா அது வேற ஒருத்தன் வண்டி. உனக்கு வச்சிப் பாரு. பாத்தியா, தாண்டிப் போவுது. நெசந்தான், உனக்கு இது குட்டை.

இங்க ஒரு பையன் வருவான். சொல்றேன் இரு, அவரு வர்ற வரைக்கும் பொழுது போவணுமே. அவனுக்கு எடது கை முட்டி நீளாது. சின்னதுல கொய்யாமரத்துலேருந்து உழுந்து ஒடச்சிக்கினு, கட்டு கட்டுனதுல முட்டி அப்படியே மடங்கினாப்பல நின்னுப்போச்சி. சோத்துக்கையி நல்லாருக்கும். எங்க தெருவுல ஒரு சொல்தா வூடு இருந்திச்சி, பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன் வாங்கற குடும்பம். அவங்க பேரன் பிரான்ஸுலேருந்து லீவுக்கு வந்தவன் ஒரு கியர் சைக்கிள் கொணாந்தான். மலையில ஓட்டறதாம். பாண்டிச்சேரியில ஏதுடா மலைன்னு ஊரே சிரிச்சிச்சி. போவும்போது தூக்கிக்கினு போவ முடியல, இந்தப் பையன்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான்.

அன்னிலேருந்து இவனுக்கு சோறும் எறங்கல, தூக்கமும் இல்ல. காலு எட்டுது, எடது கை மட்டும் எட்டல. நுனி வெரலால ஹேண்டில தொட்டுக்கினு ஓட்டறான். பிரேக்கு புடிக்க வெரலு பத்தாது. நேரா கொண்டுபோய் மீன்காரம்மா கூடையில உட்டான். அந்தம்மா திட்டினது இருக்கே, வங்கக்கடல்ல இருக்கற மீனுக்கெல்லாம் காது செவிடாயிருக்கும்.

அவரு கழுத்து கழுத்தா மாத்தி மாத்திப் பாத்தாரு. சோத்துக்கைய அளந்தா ஒரு அளவு, எடது கைய அளந்தா ஒரு அளவு. ஒரே வண்டி, ரெண்டு மொழம். எந்தக் கைக்குடா வைக்கிறதுன்னு தலையில கைய வச்சிக்கினு குந்திட்டாரு. நான் பூவு கட்டிக்கினே சொன்னேன், எட்டாத கைக்கு வையி, எட்டற கை தானா மடங்கிக்கும்னு. ஒனக்கு பூவப் பத்திதான் தெரியும் போடின்னாரு. அப்புறம் அதான் பண்ணாரு. ரொம்பக் குட்டையா வச்சா முட்டி இடிக்குதுன்னு, பாதி குட்டையில ஒண்ணு மாட்டி, எடது பக்கம் கிட்ட வர்றாப்பல ரெண்டு வெரலு திருப்பி வச்சாரு. செம்மண் மேட்டுல கல்லுல குதிச்சா மறுபடி நேராப் போயிடும். அதனால ஒரு ஆணிய உட்டு, பித்தள வச்சிப் பத்த வச்சிட்டாரு. இனிமே எந்தப் பய வந்தாலும் அசைக்க முடியாதுன்னாரு.

ஆமா, இதுலயும் பித்தளைதான். நானும் பாத்தேன். அரியாங்குப்பத்துக் கடையில திருப்பிப் பாத்து முடியலன்னு அனுப்பிச்சாங்களா? எப்படித் திரும்பும்.

அதான் இது நேராப் போனாலும் எடது பக்கம் பாத்துக்கினே போவும். யாரோ கூப்புட்டாப்பல. நீ தவளக்குப்பம்ன இல்ல? வேல உட்டு கடலூர் ரோட்டுல தெக்கால போறப்ப எடது பக்கம் என்னா இருக்குது? கடலுதான். வூடு போய் சேர்ற வரைக்கும் அது கடலப் பாத்துக்கினே வருது. உனக்கே ஒரு மாதிரி இருக்குதா? சொல்லிட்ட பாரு. இழுக்குற மாதிரி இருக்குதா. இழுக்காது தம்பி, பயப்படாத. அது பாக்குது, அவ்ளோதான்.

இத எங்க வாங்கின? ஞாயித்துக்கெழமை சந்தையிலயா. பழைய இரும்போட இரும்பா கெடந்திச்சா. சீட்டுக் குழாயக் கழட்டினா மணலு கொட்டிச்சின்னியே, வெள்ளையா, பொடி மணலா? உம்.

இல்ல, ஒண்ணுமில்ல. வெயிலு கண்ணுல அடிக்குது.

அந்தப் பையனா? இப்ப வர்றதில்ல. அலை வந்திச்சே, அந்த ஞாயித்துக்கெழமை காலையில கூட்டாளிங்களோட கடக்கரைக்குப் பந்து ஆடப் போனான். இந்த மார்கழி வந்தா நாலு வருசம். கூட்டாளிங்க கெடைச்சாங்க. சவுக்குத்தோப்புல அவங்க சைக்கிளுங்க கெடைச்சிச்சி, மரத்துக்கு மரம் மாட்டிக்கினு. அவனும் கெடைக்கல, அவன் சைக்கிளும் கெடைக்கல. அவங்கப்பன் ஒவ்வொரு மரமா போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாரு, கடலு இரும்பத் திங்காது, சைக்கிள் இல்லன்னா அவன் அதுல ஏறி மிதிச்சிட்டான், எங்கியோ போய் நின்னுக்கினு இருக்கான், வருவான்னு.

காரியம் பண்ண உடல. படத்த மாட்ட உடல. ரோட்டுல கியரு வண்டி போனா போதும், கையில இருக்கறதக் கீழ போட்டுட்டு எழுந்து நின்னு ஹேண்டிலப் பாப்பாரு. நேரா இருந்தா குந்திக்குவாரு. மறுபடி வேலையப் பாப்பாரு, சிரிப்பாரு, சோறு துன்னுவாரு. அந்த நெனப்புலதான் ஆளு ஓடிக்கினு இருக்காரு.

ஆமாம்பா. அவங்கப்பன்தான் கடைக்காரரு.

எனக்குத் தெரியுமாவா? பெத்தவளுக்குத் தெரியாதா. ஆனந்தராஜுன்னு பேரு. இந்த எடது பக்கத்து ரப்பரக் கழட்டிப் பாரு, உள்ள நூலு சுத்தியிருக்கும், பூ கட்டற நூலு. ரப்பரு வழுக்கிக்கினு சுத்துதுன்னான், நாந்தான் சுத்திக் குடுத்தேன். நீ வந்து எறங்கினதும் புடிச்சிக்கிறேன்னு கைய வச்சேனே, அப்பவே உள்ள மேடு பள்ளமா தட்டுப்பட்டிச்சி. இவ்ளோ நேரம் வாயி ஓயாம பேசினதுகூட இதப் புடிச்சிக்கினு நிக்கத்தான்.

அய்ய, நீ எதுக்குய்யா குடுத்துட்டுப் போற? வேணாம். நீ காசு குடுத்து வாங்கினது. இது இங்க இருக்கக்கூடாது. அவரு கண்ணுல பட்டா அன்னியோட முடிஞ்சிது. புள்ள ஒருக்கா போயிட்டான், அதே சாவ இவரு கையில இன்னொருக்கா குடுக்கணுமா? எனக்கு இவராச்சும் இருக்கணும். எனக்குத் தெரிஞ்சிப்போச்சி இல்ல, போதும். நான் பாத்துக்கறேன்.

உனக்கு நீளம் வேணும்னா சீட்டப் பின்னால தள்ளிக்க, ஒரு ரெண்டு வெரலு. முதுவு நிமிந்துக்கும். ஹேண்டிலு கோணலுக்குக் கொஞ்ச நாளுல கை பழகிக்கும். கழுத்த மட்டும் அறுத்து எடுத்துடாத சாமி.

இரு, ஒரு நிமிசம். ஊருக்கெல்லாம் பூ குடுக்கறேன், இவனுக்கு ஒரு மொழம் போட உட்டதில்ல. என் கை அளவு வேணாம். இந்தா, சீட்டு மூக்குலேருந்து ஹேண்டிலு வரைக்கும் புடி. அவ்ளோதான் அவன் கை. கத்தரி எங்க... ஆங். இத எடது பக்கம் சுத்தி உடறேன். வெள்ளிக்கெழமை, வண்டிக்குப் பூ போட்டிருக்குதுன்னு போயிடுவாங்க, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க.

மெயின் ரோட்டுல போவாத, எதுக்கால வருவாரு. அந்தச் சந்துல பூந்து போயிடு. எடு, புடிச்சிக்க, கைய எடுத்துட்டேன்.

தம்பி, வாடினா குப்பையில போட்டுடாதய்யா. உனக்குப் போற வழிதான், கடல்ல உட்டுடு.