மாப்பிள்ளைக்குக் கொடுத்த தவளை

கோடை ஆரம்பத்தில் விரால் மீனுக்கு என்ன லூர் போடலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே நின்று போடப்போகிறீர்கள் என்பதைத்தான். ஏரியூரில் பதினெட்டு வருடமாகத் தூண்டில் கடை வைத்திருக்கிறேன். தகடு, ரப்பர் புழு, மரமீன் என்று சுவர் நிறைய லூர் என்கிற பொய் இரைகள் தொங்குகின்றன. நிறத்தைப் பார்த்து மயங்குவது வாங்க வருகிற ஆட்கள்தான், மீன் இல்லை. நடந்ததை எல்லாம் எழுதிக் கொடு என்றீர்கள், ஐயா. தொழிலில் இருந்து தொடங்கினால்தான் எனக்கு வரிசையாக வரும்.

ஸ்பூன் என்கிற தகட்டு லூர் ஆழத் தண்ணீருக்கானது. பாறை மேல் நின்றுதான் அதை வீச வேண்டும். பாசியில் போட்டால் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கிவிடும். ரப்பர் தவளைக்கு முள் முதுகோடு ஒட்டி இருப்பதால் அது பாசியில் வழுக்கிக்கொண்டு வரும். ஆகவே தவளை வைத்திருப்பவன் பாறையில் நிற்க மாட்டான். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பாசிக்குள் நடப்பான். கையில் இருக்கும் லூரைப் பார்த்தே ஆள் எங்கே நிற்பான் என்று சொல்லிவிடலாம். என் மகள் கலைமணி பத்து வயதிலேயே இதைச் சொல்லுவாள்.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் மனைவி சசிகலா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அதன் பிறகு கலைமணிக்குத் தலை பின்னிவிட்டதும் நான்தான். தூண்டில் முடிச்சுப் போடுகிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னவர்களை எல்லாம் அனுப்பிவிட்டேன். அவள் ஸ்கூல் விட்டு நேரே கடைக்கு வருவாள், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவாள், எழுதியபடியே தூங்கிவிடுவாள். அந்த வருடங்களில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

மூன்று வருடம் முன்பு அவளைக் கடத்தூரில் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை முருகேஷ் மோட்டார் மெக்கானிக். அவரைப் பற்றி இங்கே தப்பாக ஒரு வார்த்தை எழுத மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அவளைப் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவள் மசாலா அரைப்பாள், நாங்கள் இருவரும் அணைத் தண்ணீருக்குப் போவோம். வறண்ட பக்கத்தில் பிறந்தவர், நீச்சல் தெரியாது. ஆனால் தூண்டில் பைத்தியம் பிடித்துவிட்டது. என்னைக் கேட்காமல் ஒரு முள்ளைக்கூட மாற்ற மாட்டார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குஜராத்தில் ஒரு பைப் கம்பெனியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். சித்திரை கடைசியில் கிளம்புகிறார்களாம். கம்பெனியே வூடு கொடுக்குதுப்பா, தீபாவளிக்கு வந்துருவோம் என்று கலைமணி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நல்லதும்மா என்றேன். கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தேன். அங்கே அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

இனி கிணறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணை கட்டும் முன் அந்த இடமெல்லாம் வயல்கள். பங்குனியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கிணறுகள் முழங்கால் தண்ணீருக்கு அடியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். மேலே பாசி மூடியிருப்பதால் எது தரை, எது கிணறு என்று தெரியாது. ஆகையால் ஒவ்வொரு கிணற்று வாயிலும் ஒரு வேலிக்காத்தான் கொம்பு நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். அடுப்புக்கு விறகு இல்லாதவர்கூட அதில் கை வைக்க மாட்டார். கொம்பு இல்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாப்பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான். வருடா வருடம் கொம்பு நடுகிறவனும் நான்தான்.

பங்குனி, சித்திரையில் விரால் குஞ்சு பொரிக்கும். சிவப்புச் சிவப்பாக நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் மேலே கொதித்துக்கொண்டிருக்க, தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். அந்த நேரத்தில் அவை பசிக்காகக் கடிப்பதில்லை. குஞ்சு மேல் எது வந்து விழுந்தாலும் பாய்ந்து அடிக்கும். தவளையை அங்கே போட்டால் தப்பாமல் மாட்டும். பெரியவை போய்விட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். எனக்கு அது மனசு ஒப்பாது. அந்த இரண்டு மாதமும் தவளைகளைச் சுவரில் இருந்து இறக்கி டப்பாவில் போட்டு உள்ளே வைத்துவிடுவேன். எவ்வளவு கேட்டாலும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

சித்திரையில், அவர்கள் கிளம்பும் முன் ஒரு சனிக்கிழமை காலை நான் தண்ணீருக்குப் போனேன். புளிய மரத்துக்கு நேரே இருக்கும் கிணற்றின் கொம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது. வேறு நல்ல கொம்பாக நடலாம் என்று பிடுங்கினேன். அப்படித்தான் அப்போது நினைத்தேன். அந்தக் கிணற்று வாயில் குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கொம்பைக் கரையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை, கடைக்குள் போய் டப்பாவைத் திறந்து ஒரு பச்சைத் தவளையை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் வாங்கத் தயங்கினார்.

"இந்த மாசம் தவள போடக்கூடாதும்பீங்களே மாமா."

"ஊருக்குப் போறீங்க மாப்ள. ஒருக்கா போட்டுப் பாருங்க."

அவருக்கு வாயெல்லாம் பல். தண்ணீருக்குப் போகும் வழியெல்லாம் என்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வேலை நிலைத்ததும் என்னையும் அங்கே கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

எட்டு மணி இருக்கும். குஞ்சுகள் எங்கே என்று கையை நீட்டிக் காட்டினேன். நடந்தார். தவளையை அழகாக வீசினார், நான் சொல்லிக் கொடுத்தபடியே. இன்னும் கிட்டே போகட்டுமா என்று கேட்டார். போங்க என்றேன். இரண்டு எட்டு வைத்தார், காணோம். பிறகு மேலே வந்து கிணற்றுக் கல்லைப் பிடித்துக்கொண்டார். கல் பாசி பிடித்து வழுக்கிக்கொண்டிருந்தது. நான் பின்னாலேயே போயிருந்ததால் எனக்கும் அவருக்கும் நடுவில் ஐந்தடிகூட இல்லை.

"நீங்க வராதீங்க மாமா, உங்களுக்கு முட்டி வலி. ராட மட்டும் நீட்டுங்க" என்றார்.

என் தூண்டில் ராடு ஆறரை அடி. கையில்தான் இருந்தது. அதன் நரம்பு தண்ணீரில் கிடந்தது, அப்படியே நீட்டினால் சிக்காகிவிடும். அதனால் முதலில் நரம்பைச் சுற்றினேன். சீராகத்தான் சுற்றினேன். சுற்றி முடித்தபோது கல்லின் மேல் கை இல்லை.

அதன் பிறகு நான் அழுதது பொய் இல்லை, ஐயா. அவரை எனக்குப் பிடிக்கும். நான் கத்தியதைக் கேட்டுத்தான் பரிசல்காரர்கள் ஓடி வந்தார்கள். உடலை எடுத்தார்கள், ராடையும் எடுத்தார்கள். கலைமணி வந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த ராடைப் பார்த்தாள். அதன் நுனியில் தொங்கிய தவளையைக் கையில் எடுத்தாள்.

"இத யாருப்பா எடுத்துக் குடுத்தது?"

அவர்தான் கேட்டார் என்றேன்.

"அவரு கேக்க மாட்டாருப்பா. கேட்டாலும் நீ குடுக்க மாட்ட."

மாமியாரோடு கடத்தூர் போய்விட்டாள். காரியம் முடிந்த மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் எழுதிக் கொடுத்தாள். அவள் எழுதியது எல்லாம் சரி. கொம்பைப் பிடுங்கியது நான். தவளையைக் கொடுத்தது நான். ராடை நீட்டாமல் நின்றதும் நான்தான். திங்கட்கிழமையே புதுக் கொம்பு ஒன்று அங்கே நட்டுவிட்டேன், பிள்ளைகள் நடமாடுகிற இடம்.

எனக்கு என்ன தண்டனை என்பது உங்கள் பாடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கலைமணியைக் கடத்தூரில் விட்டுவைக்காதீர்கள். மாமியாருக்கு வயதாகிவிட்டது, அந்த வீட்டில் இனி அவளுக்கு என்ன இருக்கிறது. அவளுடைய துணிமணி எல்லாம் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு நாள் கோபம் இருக்கும், பிறகு வந்துவிடுவாள். நீங்களும் பெண் பிள்ளை பெற்றவர்போலத்தான் தெரிகிறது, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.